பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில்

“பொம்பிளைப் பிள்ளைக்கு இஞ்சினியரிங் எதுக்கு? நேர்சிங் படிச்சால் கையோடை வேலை.” இத்தாலியின் பலெர்மோவில் பல்லாரோ சந்தையைச் சுற்றியுள்ள தமிழ் வீடுகளில் ஜூன் பிறந்தால் இந்தப் பேச்சும் பிறக்கும். மகள் மத்துரித்தா என்ற பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பாள். தாயும் தகப்பனும் இன்னொரு குடும்பத்தின் வீட்டைக் கூட்டித் துடைத்து, அங்குள்ள முதியவரைக் குளிப்பாட்டிவிட்டுக் களைத்து வந்திருப்பார்கள். எண்பதுகள் தொடங்கி யாழ்ப்பாணத்திலிருந்து இந்த ஊருக்கு வந்தவர்களில் பலரின் பிழைப்பு அதுதான். அவர்களுடைய தயக்கத்தை நான் பழிக்க மாட்டேன். காசுக்கு எங்கே போவது என்ற பயம் முதலில். அதன் பின்னால் கலியாணம் தள்ளிப்போகும் பயமும், பிள்ளை தனியே போய்வருவது பற்றிய பயமும். இவற்றுக்கு இத்தாலியச் சட்டத்தில் பதில்கள் உண்டு. ஆனால் பெரும்பாலான பதில்களுக்கு ஒரு கடைசித் திகதியும் உண்டு.

பலெர்மோப் பல்கலைக்கழகம் அரசுடையது. குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ‘ஈசே’ என்ற எண் 22,000 யூரோவுக்குள் இருந்தால் படிப்புக் கட்டணம் இல்லை. முத்திரை வரி, பிராந்திய வரி போன்ற சிறு தொகைகள்தான். முதல் வருடம் இதற்கு வேறு நிபந்தனை கிடையாது. கைக்குக் காசு தருவது ‘எர்சு’ என்ற சிசிலிப் பிராந்திய நிறுவனம். அதன் அலுவலகம் பல்கலைக்கழகத்தின் வியாலே தெல்லே ஷென்ட்சே வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. உதவித்தொகை, சாப்பாட்டுக்கூடம், வெளியூர்ப் பிள்ளைகளுக்கு விடுதி எல்லாம் அதன் பொறுப்பு. 2021 டிசம்பரில் வந்த 1320ஆம் இலக்க அமைச்சு ஆணை இதில் ஒன்றைச் சேர்த்தது: அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படிக்கும் பெண்களுக்கு உதவித்தொகை 20 சதவீதம் கூடும். அண்ணனும் தங்கச்சியும் ஒரே வீட்டிலிருந்து ஒரே வகுப்புக்குப் போனால், கூடுதல் தொகை தங்கச்சிக்குத்தான். பொம்பிளைப் பிள்ளைக்கு எதுக்கு என்ற கேள்விக்கு அரசு காசாகவே பதில் சொல்லியிருக்கிறது.

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பிள்ளைக்கும் இது கிடைக்குமா என்று பலர் கேட்பார்கள். கிடைக்கும். குடும்ப அனுமதியோடு இங்கே வாழ்பவர்களும், இங்கே சட்டப்படி குடியிருந்து உயர்நிலைப் பள்ளி முடித்தவர்களும் இத்தாலியப் பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரலாம் என்று 1998ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் சொல்கிறது. வெளிநாட்டவருக்கு ஒதுக்கிய இடங்களில் இவர்கள் போட்டியிட வேண்டியதில்லை.

ஈசே எடுக்கக் ‘காஃப்’ என்ற வரி உதவி அலுவலகத்துக்குப் போனால் போதும், காசு வாங்கமாட்டார்கள். அங்கே வாயைத் திறந்து “பல்கலைக்கழகக் கல்விக்கான ஈசே” என்று சொல்லிக் கேளுங்கள். சாதாரண ஈசேயோடு வந்து விண்ணப்பம் கெட்டுப்போவது நடக்கக்கூடிய தவறு. ஈசேக்காகக் கொடுக்கும் வாக்குமூலம் ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் திகதியோடு காலாவதியாகும்.

இதில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. இருபது வருடம் உழைத்து ஊரில் கட்டிய வீடு, அம்மம்மா எழுதிக் கொடுத்த காணி, கொழும்பு வங்கியில் போட்ட வைப்பு எல்லாவற்றையும் அந்த வாக்குமூலத்தில் காட்ட வேண்டும். வெளிநாட்டில் இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொய் பிடிபட்டால் வாங்கிய உதவித்தொகை பறிபோகும்; அதன் மூன்று மடங்கு தண்டம் கட்டச் சொல்ல 2012ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கடன் பிள்ளையின் தலையில் விழும். பிள்ளையின் ‘ஸ்பிட்’ என்ற மின்னடையாளத்தின் கடவுச்சொல்லை வாங்கி, காசுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவர்களிடமும் இதே ஆபத்துத்தான். நிரப்பியவர் யாராக இருந்தாலும் பொறுப்பு விண்ணப்பதாரருக்கே.

உதவித்தொகை கிடைத்த பிறகுதான் அடுத்த கண்டம். முதல் வருட மாணவி ஆகஸ்ட் 10க்குள் 20 கிரெடிட் எடுத்தால் முழுத்தொகையும் வரும். நவம்பர் 30 வரை போயும் 20 சேரவில்லை என்றால் உதவித்தொகை ரத்தாகும். முதல் தவணையாக வாங்கியதையும் திருப்பிக் கட்ட வேண்டும். பொறியியலில் முதல் வருடம் ‘அனலிசி’ என்ற பெருங்கணிதமும் பௌதிகமும் நெஞ்சில் ஏறி உட்காரும். கெட்டிக்காரப் பிள்ளைகள் “முதலில் அனலிசியை முடிச்சிட்டுத்தான் மற்றது” என்று அதிலேயே மாதக்கணக்காக நின்று, ஆகஸ்ட்டைக் கோட்டைவிடுவார்கள். வேதியியல், கணினி, ஆங்கிலம் போன்ற தாள்களைக் குளிர்காலத்திலேயே எழுதிக் கையில் எடுத்துக்கொண்டு, பிறகு அனலிசியோடு மல்லுக்கட்டுவதே நான் சொல்லக்கூடிய ஆலோசனை. கட்டணவிலக்குக்கு இதைவிட இலகுவான அளவு: ஆகஸ்ட் 10க்குள் 10 கிரெடிட் இருந்தால் இரண்டாம் வருடமும் தொடரும். எர்சு பட்டியலில் தகுதி பெற்றும் நிதி போதாமல் தொகை கிடைக்காதவர்களும் உண்டு. அவர்களுக்கும் கட்டணவிலக்கு உறுதி. தற்காலிகப் பட்டியலில் பெயர் தவறியிருந்தால் உடனே மறுபரிசீலனை கேட்கலாம். இறுதிப் பட்டியலுக்கு எதிராக நிர்வாக நீதிமன்றம் போக 60 நாள்.

பொறியியல் நுழைவுக்கு ‘டோல்க்’ தேர்வு. கணிதம் 20 கேள்வி, தர்க்கம் 10, அறிவியல் 10, வாசிப்பு 10, கடைசியில் ஆங்கிலம். ஆங்கிலம் தவிர மற்றவற்றில் தவறான விடைக்குக் கால் புள்ளி போகும். பள்ளியின் நான்காம் வருடத்திலிருந்தே எழுதலாம். மாதம் ஒருமுறை திரும்ப எழுதலாம். அதனால் மத்துரித்தா முடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

காத்திருக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், அதே காலத்தில்தான் குடியுரிமையும் வந்து நிற்கிறது. இத்தாலியில் பிறந்து, 18 வயது வரை இடைவெளியின்றி இங்கே சட்டப்படி குடியிருந்த பிள்ளை, 18க்கும் 19க்கும் நடுவிலுள்ள ஒரு வருடத்துக்குள் ‘கோமூனே’ என்ற நகரசபையில் போய் அறிவித்தால் இத்தாலியப் பிரஜை ஆகலாம். 1992ஆம் ஆண்டின் 91ஆம் இலக்கச் சட்டம் அது. தவறவிட்டால் வருமானம் காட்டி, வருடக்கணக்காகக் காத்திருக்கும் நீண்ட வழிதான். பரீட்சை, நுழைவுத் தேர்வு, எர்சு விண்ணப்பம் என்று ஓடும் பிள்ளை இதை மறந்துபோவது இயல்பு. ஆனால் 2013இல் வந்த திருத்தம் ஒன்றைப் பலர் அறியவில்லை: பிள்ளைக்கு 18 ஆகும் முன்னரான ஆறு மாதத்துக்குள் கோமூனே இதை எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் 19 கடந்த பிறகும் உரிமை சாகாது. குழந்தையாக இருந்தபோது பெற்றோர் பதிவில் விட்ட தவறும் பிள்ளையின் மேல் சாராது. தடுப்பூசி அட்டை, பள்ளிச் சான்றிதழ் காட்டி இடைவெளியை நிரப்பலாம். இந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறையே நடத்தும் மனித உரிமைச் சட்ட உதவி மையம், ‘கிளேது’, இத்தகைய சிக்கல்களில் குடியேறிகளுக்கு உதவி வந்திருக்கிறது.

ஊரிலிருந்து நேரே படிக்க வருபவளுக்குச் சட்டம் வேறு. வந்து எட்டு வேலை நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிழமைக்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம். “வேலை செய்தே படிக்கலாம்” என்று இலட்சக்கணக்கில் வாங்கும் முகவர் இந்த எண்ணைச் சொல்லமாட்டார்.

இனி கலியாணம். ஆ. லலிதா 18 வயதில் கைக்குழந்தையோடு கணவனை இழந்தவர். 1940இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் ஆனார். சேர்த்துவிட்டவர் அங்கேயே பேராசிரியராக இருந்த தகப்பன். இத்தாலியின் முதல் பெண் பொறியாளர் எம்மா ஸ்த்ராதா 1908இல் தொரினோவில் பட்டம் பெற்றார். அவருக்கும் பொறியாளரான தகப்பனே துணை. படி என்று சொல்லும் ஒரு தகப்பனால் எவ்வளவு நடக்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். படிப்பை நிறுத்தி, விடுமுறை என்று ஊருக்குக் கூட்டிப்போய், விருப்பமில்லாத தாலியைக் கட்ட வைப்பது இங்கே குற்றம். 2019ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்து வருடச் சிறை. இத்தாலியில் வசிக்கும் பெண்ணுக்கு வெளிநாட்டில் செய்தாலும் இந்தச் சட்டம் தொடரும். அடிப்பது மட்டுமே வற்புறுத்தல் அல்ல. குடும்பத்தின் அதிகாரத்தைக் கொண்டு நெருக்குவதும் அதற்குள் வரும். அவளை அங்கே ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் சாதாரண அனுமதியைப் புதுப்பிப்பதே சிக்கலாகும். பயணத்துக்கு முன்பே 1522 என்ற பெண்களுக்கான உதவி எண்ணுக்கு அழைக்கலாம்: இலவசம், 24 மணி நேரமும், பல மொழிகளில். பலெர்மோவில் ‘லே ஓந்தே’ என்ற பெண்கள் மையமும் இருக்கிறது.

அடுத்தது தனியே போய்வரும் பயம். பின்தொடர்ந்து ஒருவன் தொல்லை தந்தாலும் அதே எண்தான். அந்தக் குற்றத்துக்கு முறைப்பாடு கொடுக்க ஆறு மாதம், பாலியல் வன்முறைக்குப் பன்னிரண்டு மாதம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இரண்டுக்கும் அரசு செலவில் வழக்கறிஞர் கிடைப்பார். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். தொல்லை வளாகத்துக்குள் என்றால், சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பல்கலைக்கழகத்திலும் இருக்க வேண்டிய சமவாய்ப்புக் குழுவிடம் போகலாம்.

ஆசிரியருக்கு முன் தனியே நிற்கும் வாய்மொழித் தேர்வு பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு நடுக்கம் உண்டு. புள்ளி 30க்கு, தேற 18. பிடிக்காத புள்ளியை ஏற்காமல் அடுத்த அமர்வுக்கு வரலாம். கதவை மூடி நடத்தவும் கூடாது. இத்தாலியில் இந்தத் தேர்வுகள் பொதுவெளியில் நடக்க வேண்டியவை, யாரும் போய் உட்காரலாம். சங்கடம் தரும் ஆசிரியர் என்றால் தோழியைப் பின் இருக்கையில் இருத்துங்கள். பொறியியலா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்காத பிள்ளையும் போகலாம். ஜூன், ஜூலை அமர்வுகள் வியாலே தெல்லே ஷென்ட்சேயின் எட்டாம் கட்டடப் பக்கம் நடக்கும். பலாத்சோ ரெயாலே–ஓர்லெயான்ஸ் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் ஒரு காலை உட்கார்ந்து பாருங்கள்.