மழைக் காலத்திற்கு முன் வீட்டைச் செப்பனிடுதல்

நான்கு பருவங்களை உடைய நாடுகளில் இலையுதிர் காலம் தொடங்கியதும் மக்கள் தங்கள் வீடுகளைக் குளிருக்கு ஆயத்தம் செய்வர். கதவிடுக்குகளை அடைப்பர், புகைபோக்கியைத் துப்புரவு செய்வர். நம் மலேசியாவில் பனியும் இல்லை. இலையுதிர் காலம் என்று தனியே ஒன்றும் இல்லை. ரப்பர் மரங்கள் ஆண்டின் தொடக்கத்தில் இலையுதிர்ப்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் அறிவார்கள். ஆனால் அது வெயில் நாளில் நடப்பது. எனினும், வீட்டை ஆயத்தம் செய்ய வேண்டிய காலம் ஒன்று நமக்கும் உண்டு. அதுதான் நவம்பர் முதல் மார்ச் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம்.

இக்காற்று கிளந்தான், திரங்கானு, பகாங், கிழக்கு ஜொகூர் ஆகிய பகுதிகளில் பெருமழையைக் கொட்டுகிறது. மேற்குக் கரையில் வாழ்வோர், தித்திவங்சா மலைத்தொடர் நம்மைக் காக்கும் என்று எண்ணியிருப்பது வழக்கம். 1971ஆம் ஆண்டு ஜனவரியில் கோலாலம்பூரையே வெள்ளம் சூழ்ந்தது. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வீடுகளின் கீழ்த்தளங்கள் மூழ்கின. ஆகவே, ‘நமக்கு வராது’ என்று எவரும் கூறுவதற்கில்லை.

தீபாவளிக்கு முன் நாம் சுவருக்குச் சாயம் பூசுகிறோம், திரைச்சீலை மாற்றுகிறோம். தலைக்கு மேலிருக்கும் கூரையை மட்டும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வருபவர் கண்ணில் சுவர்தானே படுகிறது!

கூரையைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. நல்ல வெயில் வேளையில் கதவு, சன்னல்களை மூடிவிட்டு வீட்டினுள் நின்று மேலே பாருங்கள். தகரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அங்கே ஒளி தெரியும். அவ்விடத்திற்கு நேராக உள்ள சட்டத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டுக்கொள்ளலாம். மழை பெய்யும்போது தேடினால் ஏமாந்து போவோம். நீர் ஓரிடத்தில் புகுந்து, சட்டத்தின் வழியே ஓடி, வேறோர் இடத்தில் சொட்டும்.

நெளிதகரத்தில் மேடும் பள்ளமும் மாறிமாறி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஆணியை மேட்டில்தான் அடிக்க வேண்டும். நீர் பள்ளத்தில் ஓடுவதால், பள்ளத்தில் அடித்த ஆணியின் ஓரமாக அது எளிதில் உள்ளே இறங்கிவிடும். ஆணித் தலையின் கீழுள்ள ரப்பர் வளையம் சில ஆண்டு வெயிலில் காய்ந்து வெடித்துவிடும். பல ஒழுகல்களுக்கு இவ்வளையமே காரணம். அதை மாற்ற அதிகப் பணம் ஆகாது. கூரைமேல் ஏறுவது பெரியவர்களின் வேலை. அதுவும் காய்ந்த நாளில், கீழே ஒருவர் ஏணியைப் பிடித்திருக்க வேண்டும். பழைய வீடுகள் சிலவற்றின் கூரை கல்நார்த் தகட்டால் ஆனது. அதன்மேல் ஏறினால் உடைந்து விழ நேரும். அதன் தூசியோ நுரையீரலுக்குப் பெருங்கேடு. அதைத் துளையிடாமலும் தேய்க்காமலும் நிர்வாகத்திடம் தெரிவிப்பதே நலம்.

மாணவர்கள் இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர் ஆகும். 6 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள வீட்டின் பரப்பு 30 சதுர மீட்டர். ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், அவ்வீட்டுக் கூரையிலிருந்து மட்டும் 3,000 லிட்டர் நீர் இறங்கும். 200 லிட்டர் பீப்பாய்களில் பிடித்தால் 15 பீப்பாய்கள்! பத்து வீடுகள் கொண்ட ஒரு லயத்திற்கு 150 பீப்பாய்கள். இவ்வளவு நீரும் லயத்தின் பின்னால் ஓடும் அந்தக் குறுகிய கால்வாயில்தான் போக வேண்டும். அதில் ஓரிடத்தில் நெகிழிப் பையும் தேங்காய் மட்டையும் அடைத்துக்கொண்டால் போதும், நீர் திரும்பி அடுப்படிக்குள் வந்துவிடும். ஒரு வீட்டார் தம் பங்குக் கால்வாயை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் லயத்தார் அனைவரும் மண்வெட்டியுடன் இறங்கினால் இரண்டு மணி நேரத்தில் முடியும் வேலை இது.

ஓடும் நீரைவிடத் தேங்கும் நீர் கொடியது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் ஓரளவு தெளிந்த நீரையே விரும்பும். கூரைப் பீலியில் இலை அடைத்து நிற்கும் நீர், தூக்கியெறிந்த பால் மங்கு, பழைய டயர், உணவு அலமாரியின் கால்களுக்கு அடியில் எறும்புக்காக வைத்த கிண்ணம் ஆகிய எல்லாம் அதற்குத் தொட்டில்களே. இக்கொசு நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையிடுகிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் சாகாமல் காத்திருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். எனவே, பீப்பாயைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒரு முறை தேய்த்தால் அது பறக்குமுன் நாம் முந்திக்கொள்ளலாம்.

வெள்ள நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் புண்ணுள்ள பிள்ளைகள் அதில் விளையாடினால் எலிக் காய்ச்சல் வரக்கூடும். நீர் வீட்டினுள் ஏறும் முன்பே மின்சாரத்தின் முதன்மை விசையை அணைத்துவிட வேண்டும். ஈரத்தில் நின்றுகொண்டு அதைத் தொடலாகாது. மழை நாட்களின் இரவில் சிமெண்டுத் தரை சில்லிட்டுப் போகும். கைக்குழந்தையையும் முதியோரையும் வெறும் பாயில் படுக்க வைக்காமல், பலகையோ தடித்த விரிப்போ போட்டுப் படுக்க வையுங்கள். துணி உலர்த்தவும் குளிர் காயவும் கரியடுப்பை மூடிய அறைக்குள் வைப்பது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் நச்சுக் காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இறுதியாக, பத்திரங்கள். சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், ஒரு தாயார் தம் மகனைப் பள்ளியில் பதிவு செய்ய வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். திறந்து பார்த்தேன். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், தடுப்பூசிப் புத்தகம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாய்க் கிடந்தன. “டின் மூடித்தானே இருந்தது டீச்சர், எப்படித் தண்ணீர் போயிற்று?” என்று அவர் கேட்டார். பிரதி பெறுவதற்கு அவர் பல முறை நடக்க நேர்ந்தது. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் சம்பளம் போயிற்று.

பிஸ்கட் டின்னின் மூடி தூசியைத் தடுக்கும், நீரைத் தடுக்காது. பத்திரங்களை ஒரு நெகிழிப் பையில் இட்டு, வாயை முறுக்கிக் கட்டி, அதை மற்றொரு பையில் தலைகீழாக இட்டுக் கட்டுங்கள். வாசலுக்கு அருகே உயரத்தில் ஆணியடித்து மாட்டுங்கள். அவசரத்தில் எடுப்பவர் யார் என்பதையும் முன்பே பேசி வையுங்கள். வெளியூரில் உள்ள உறவினரிடம் ஒரு நகல் இருக்கட்டும். கைப்பேசியிலும் படமெடுத்து அனுப்பலாம்.

அந்தப் பையன் இப்போது நான்காம் ஆண்டில் படிக்கிறான். வீட்டில் பத்திரப் பை எங்கே இருக்கிறது என்று கேட்டால், “வாசல் ஆணியில், டீச்சர், எடுப்பது என் வேலை” என்கிறான்.