பேராலயமும் அதன் பரிபாலனமும்

பூண்டுலோயாவிலே, ஆற்றின் இருமருங்கும் எழுந்து நிற்கும் தேயிலைச் சரிவுகளிடையே, தோட்டந்தோறும் மாரியம்மன் கோயிலொன்றைக் காணலாம். அக்கோயிலை ஆள்பவர் யாவர் என வினவின், அத்தோட்டத்துச் சிறுவனும் விடை பகர்வான். தலைவர் இன்னார், பொருளாளர் இன்னார், திருவிழாவுக்கெனச் சம்பளத்திற் பிடிக்கப்படும் பணம் இவ்வளவு, பூசகரை அழைத்து வந்தவர் இன்னார் என்பன அனைத்தும் அவன் அறிந்தனவே. ஆயின் அதே மலைநாட்டிற் பிறிதொரு வகைக் கோயில்களும் உள. நுவரெலியாவில் 1852ஆம் ஆண்டிற் பிரதிட்டை செய்யப்பெற்ற திரித்துவக் கோயிலும், டிக்கோயாவில் 1878ஆம் ஆண்டில் எழுந்த வார்லிக் கோயிலும் அத்தகையன. துரைமார் கோயில் என நம் முன்னோர் சுட்டிய அவ்வாலயங்களை ஆள்பவர் யாவர்? குருவை அனுப்புபவர் யார்? அவர் தவறிழைப்பின் நீக்குபவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை அறிந்தார் நம்மிடையே மிகச் சிலரே.

அயலவர் சமயத்தின் கொள்கைகளை ஆராய்தல் ஈண்டு எம் நோக்கமன்று. ஒரு சமய நிறுவனம் தன்னைத்தான் எவ்வாறு ஆளுகின்றது என்பதை அறிதலே நோக்கம். கோயிற் பரிபாலனம் பற்றிய வழக்குகள் மலிந்த இந்நாட்டில் அவ்வறிவு நமக்கும் பயன்படும் என்பது எம் துணிபு.

முதற்கண் சொற்களைத் தெளிதல் வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த சபையினரை ஆங்கிலிக்கன் சபையினர் என்பர். அச்சபையில் திருநிலை பெற்றோர் மூவகையினர்: உதவிக்குரு, குரு, அத்தியட்சர். அத்தியட்சரை இக்காலத்திற் பேராயர் எனவும் வழங்குவர். அவர் ஆணை செல்லும் நிலப்பரப்பு அத்தியட்சாதீனம் எனப்படும். இச்சொல்லிலே ஆதீனம் என்னும் நம் சொல் அமைந்து கிடத்தல் நோக்கத்தக்கது. தருமபுரம், திருவாவடுதுறை முதலிய ஆதீனங்களிற் குருமகாசந்நிதானம் பல கோயில்களுக்குத் தலைமை பூண்டிருத்தல்போல, அத்தியட்சரும் பல கோயில்களுக்குத் தலைவராவர். எனினும் வேற்றுமையும் உண்டு. சந்நிதானம் தமக்குப் பின்வருவாரைத் தாமே தெரிதல் மரபு. அத்தியட்சரோ தமக்குப் பின்வருவாரை நியமித்தல் இயலாது.

இனிப் பேராலயம் என்பது யாது? அளவிற் பெரிய கோயிலெல்லாம் பேராலயமாகா. அத்தியட்சரின் இருக்கை எங்கு இடப்பட்டுளதோ அதுவே பேராலயம். கிரேக்க மொழியில் இருக்கையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அதன் ஆங்கிலப் பெயரும் பிறந்தது. ஆகவே ஒரு சிறு கோயிலும் பேராலயமாகலாம். மிகப் பெரிய கோயிலொன்று அப்பெயர் பெறாமலும் இருக்கலாம்.

வியப்புக்குரிய செய்தி யாதெனின், இருக்கை அத்தியட்சருடையதாயினும் பேராலயத்தின் அன்றாட ஆட்சி அவருடையதன்று என்பதே. இங்கிலாந்திலே டீன் என்னும் குருவும், கெனன் எனப்படும் மூத்த குருமார் முதலியோரைக் கொண்ட கழகமும் கூடிப் பேராலயத்தை ஆளுகின்றனர். வழிபாட்டு ஒழுங்கு, நிலபுலம், திருத்தவேலை, ஊழியர் ஊதியம் ஆகியவை அக்கழகத்தின் பொறுப்பு. அத்தியட்சர் பேராலயத்தை மேற்பார்வையிட்டு விசாரணை செய்யலாம். ஆயின் அதனை அன்றாடம் நடத்துபவர் அவரல்லர். நாளடைவிற் கணக்கு வழக்குகள் சீர்கெடாதிருத்தற்பொருட்டுக் கழகத்திற் பொதுமக்களும் சேர்க்கப்பட்டனர். 1963, 1999, 2021 ஆகிய ஆண்டுகளிற் பிறந்த பேராலயச் சட்டங்கள் அவ்வாட்சியைப் படிப்படியே திருத்தின.

இலங்கையில் இம்முறை எளிமை பெற்றது. 1845ஆம் ஆண்டிற் கொழும்பு அத்தியட்சாதீனம் நிறுவப்பட்டது. அதற்கு முன்னர் இத்தீவு முதலிற் கல்கத்தாவுக்கும் பின்னர்ச் சென்னைக்கும் உட்பட்டிருந்தது. முதல் அத்தியட்சரான சாப்மன் முகத்துவாரத்தில் எழுப்பிய கிறித்துநாதர் ஆலயம் 1854இற் பிரதிட்டையாகிப் பேராலயமாய் விளங்கியது. 1973இற் கொழும்பு பௌத்தாலோக மாவத்தையிற் புதிய பேராலயம் எழுந்தபின் இருக்கை அங்கு மாறியது. 1950இற் குருணாகல் தனி அத்தியட்சாதீனமாயிற்று. அங்குள்ள பேராலயம் கண்டியக் கட்டட மரபைத் தழுவி அமைந்தது. பூண்டுலோயாவை உள்ளிட்ட நுவரெலியா மாவட்டம் கொழும்பின் பாற்பட்டது. கெனன் என்னும் பட்டம் இந்நாட்டிற் பெரும்பாலும் மூத்த குருமாருக்கு அளிக்கப்படும் கௌரவமாகவே நிலவுகின்றது.

இனிக் குருவுக்கும் அத்தியட்சருக்கும் இடையுள்ள தொடர்பை நோக்குவாம். திருநிலை பெற்ற மாத்திரத்தால் ஒருவர் தாம் விரும்பிய கோயிலிற் பணிபுரிதல் இயலாது. அத்தியட்சர் தம் கையொப்பமிட்டு வழங்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும். அதனைப் பெறும்போது, அத்தியட்சருக்குக் கீழ்ப்படிவதாகக் குரு உறுதி செய்வர். ஆயின் அவ்வுறுதி வரம்பிலாததன்று. சட்டத்துக்கமைந்தனவும் நேர்மையானவுமான காரியங்களில் மட்டுமே கீழ்ப்படிவதாக அது அமைந்துளது. அவ்வரம்பு யாது என்பதே பெரும் பூசல்களுக்கு வித்தாயிற்று. அவற்றுள் ஒன்று நம் மலைநாட்டுத் தொழிலாளரைப் பொருளாகக் கொண்டு நிகழ்ந்தது என்பதைப் பலர் அறியார்.

கோப்பிப் பயிர் செழித்த காலத்திலே, 1854ஆம் ஆண்டில், தோட்டத்துரைமார் சிலரின் முயற்சியால் தமிழ்க் கூலிகள் மிசன் என்னும் அமைப்புத் தோன்றியது. கூலி என்னும் சொல் நம் செவிக்கு இன்னாதாயினும் அதுவே அதன் பெயர். துரைமார் பணம் உதவினர். சேர்ச் மிசன் சங்கத்தின் குருமார் மேற்பார்வை செய்தனர். திருநெல்வேலி முதலிய இடங்களிலிருந்து வந்த உபதேசிமார் லயங்கள்தோறும் சென்று தமிழிற் போதித்தனர். அதேவேளை, அம்மாவட்டங்களில் வாழ்ந்த ஆங்கிலேயருக்கென வேறு குருமாரும் இருந்தனர்.

1875ஆம் ஆண்டின் இறுதியில் அத்தியட்சராகத் திருநிலை பெற்று மறு ஆண்டிற் கொழும்பை அடைந்த றெஜினோல்ட் கொப்பிள்ஸ்ரன் முப்பது வயதே நிரம்பியவர். ஒரு மாவட்டத்துக்கு ஒரு குரு. அவரே அங்குள்ள துரைக்கும் தொழிலாளிக்கும் பொறுப்பாளர். இன அடிப்படையிற் சபை இரண்டாகப் பிளவுபடுதல் தகாது என்பது அவர் கொள்கை. சங்கத்துக் குருமார் இதற்கு உடன்படவில்லை. தமிழறியாத குரு தமிழ்த் தொழிலாளரை மேய்ப்பதெங்ஙனம் என அவர் வினவினர். வழிபாட்டுச் சடங்குகள் பற்றிய கருத்து வேற்றுமையும் அப்பூசலுக்கு எண்ணெய் வார்த்தது. அத்தியட்சர் 1876இற் சங்கத்துக் குருமார் பலரின் அனுமதிப் பத்திரங்களை மீளப் பெற்றார். ஊதியம் அளிப்பது இலண்டனிலுள்ள சங்கம். அனுமதி அளிப்பது கொழும்பிலுள்ள அத்தியட்சர். இருவருள் எவர் சொல்லுக்குக் குரு கட்டுப்படுவர்? இவ்வினா கடல் கடந்தது. 1880ஆம் ஆண்டிற் கன்ரர்பரி, யோர்க் பேரத்தியட்சர்களும் வேறு சில அத்தியட்சர்களும் கூடி வழங்கிய கருத்துரையின் வழியே இணக்கம் பிறந்தது.

இப்பூசலில் இரு திறத்தார் பக்கலிலும் நியாயம் இருந்தது. துரையும் தொழிலாளியும் ஒரே சபையினர் என்ற அத்தியட்சரின் கொள்கை உயர்ந்தது. மொழியறியாதவன் வழிகாட்டுதல் இயலாது என்ற சங்கத்தாரின் கூற்று உண்மையானது. ஆயின் ஒன்று நோக்குக. யாரைக் குறித்து இத்துணை வாதமும் எழுந்ததோ, அந்தத் தொழிலாளரை எவரும் கருத்துக் கேட்டிலர். தம் குரு எவர் என்பதைத் தெரியும் உரிமை அவருக்கு இருக்கவில்லை. கேட்டிருப்பின் அவர் குரலை ஏற்றுப் பதிவு செய்தற்குரிய மன்றமும் அன்று இருக்கவில்லை.

அம்மன்றம் பிறந்த வரலாறு வேறு. அந்நாள்வரை ஆங்கிலிக்கன் குருமார் சிலருக்கு அரசாங்கமே ஊதியம் அளித்து வந்தது. பௌத்தரும் சைவரும் செலுத்திய வரிப்பணத்திற் கிறித்தவக் குருமாரைப் பேணுதல் முறையன்று என்னும் கிளர்ச்சி வலுப்பெற்றது. 1881இல் அம்மானியத்தை நிறுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. 1886ஆம் ஆண்டோடு சபை அரசிலிருந்து பிரிந்து தனித்தியங்கலாயிற்று. அரசின் பணம் நீங்கியபோது அரசின் அதிகாரமும் உடன் நீங்கியது. அப்பொழுதுதான் சபை தன்னைத்தான் ஆளவேண்டிய கட்டாயம் நேர்ந்தது. ஆதலின் அத்தியட்சர், குருமார், சபைமக்கள் ஆகிய முத்திறத்தாரும் அமரும் பேரவை அமைந்தது.

இதற்குச் சட்ட அடிப்படை ஒன்றும் முன்னரே தோன்றியிருந்தது. தென்னாபிரிக்காவிலே கேப்ரவுண் அத்தியட்சர் தம் குரு ஒருவரை நீக்கியமை பற்றிய வழக்கில், 1863ஆம் ஆண்டில் இலண்டன் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. தன்னாட்சி பெற்ற குடியேற்ற நாட்டிலே திருச்சபையும் ஏனைய சங்கங்களைப் போல்வதே. அங்கத்தவர் உடன்பட்ட விதிகளே அவர்களைக் கட்டுப்படுத்தும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அதிகாரத்தின் வேர் முடியரசின் பட்டயத்தில் இல்லை, உடன்பாட்டில் உள்ளது என்னும் கருத்து இவ்வாறு வலியுற்றது.

இன்றைய அமைப்பைக் கீழிருந்து மேலாக நோக்கின் அது ஒரு படிவரிசையாகத் தோன்றும். அடியில் உள்ளது ஊர்ச்சபை. ஆண்டுப் பொதுக்கூட்டத்திற் சபையார் கூடிக் கணக்கைக் கேட்பர், செயற்குழுவினரைத் தெரிவர். வாடன் எனப்படும் கோயில் விசாரணைக்காரர் பொருளையும் உடைமையையும் காப்பர். அதற்கு மேலே, சில ஊர்ச்சபைகளை ஒருங்கு நோக்கும் ஆர்ச்டீக்கன் என்னும் மூத்த குரு உளர். அதற்கும் மேலே அத்தியட்சாதீனப் பேரவை. சட்ட விடயங்களில் ஆலோசனை கூறச் சான்சலர் என்னும் சட்ட வல்லுநர் உளர். நிலமும் கட்டடமும் எந்தக் குருவின் பேரிலும் இல்லை. நம்பிக்கைப் பொறுப்பாளர் கூட்டுத்தாபனத்தின் பேரில் உள்ளன. அத்தியட்சர் பதவி வெறிதாகும்பொழுது குருமாரும் சபைமக்களும் வாக்களித்து ஒருவரைத் தெரிய முயல்வர்.

இவற்றுக்கெல்லாம் மேலான தலைமையும் காலந்தோறும் மாறியது. 1930இல் இந்தியா, பர்மா, இலங்கைத் திருச்சபை இங்கிலாந்திலிருந்து பிரிந்து தன்னாட்சி பெற்றது. கல்கத்தா அத்தியட்சர் அதன் தலைவரானார். இலங்கையரான லக்தாச டி மெல் 1962இல் அப்பதவியை ஏற்றார். 1970இல் அம்மாகாணம் கலைந்தபின், இலங்கையின் இரு அத்தியட்சாதீனங்களும் கன்ரர்பரிப் பேரத்தியட்சரை நேர்த்தலைவராகக் கொண்டன. 1998ஆம் ஆண்டின் கூட்டிணைப்புச் சட்டம் இலங்கைத் திருச்சபைக்கு நாட்டின் சட்டத்தில் ஓர் உருவம் அளித்தது.

இவ்வமைப்பின் உட்பொருள் யாது? எவர் கையிலும் முழு அதிகாரமும் தங்கவில்லை என்பதே. அத்தியட்சர் அனுமதியை வழங்குவர். ஆயின் விதிகளை மீறி ஆணையிடல் இயலாது. குரு வழிபாட்டை நடத்துவர். கோயில் நிலத்தை விற்றல் இயலாது. சபையார் பணம் ஈட்டுவர். அத்தியட்சரின் அனுமதியின்றிக் குருவை வைத்தல் இயலாது. பேராலயத்தில் இருக்கை ஒருவருடையதாகவும் நிருவாகம் பலருடையதாகவும் இருத்தல் இம்முழு முறைக்கும் ஒரு சின்னமாகும். இதனாற் காரியங்கள் தாமதிக்கும், பூசல்கள் நீளும். எனினும் ஒருவர் தவறு அனைவரையும் வீழ்த்தாது.

மலையகத் தமிழருக்கு இதில் ஆழ்ந்த பொருள் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் மறு ஆண்டிற் செய்த தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் அவருட் பெரும்பாலார் வாக்குரிமை இழந்தனர். நாட்டின் பாராளுமன்றத்திற்கு ஒருவரை அனுப்ப இயலாதிருந்த தொழிலாளிக்குக் கோயிற் கூட்டமே கையுயர்த்தும் இடமாயிற்று. கோயிற் பேரேடு அரசின் வாக்காளர் இடாப்பு அன்று. 1876இற் கருத்துக் கேட்கப்படாத மக்களின் வழித்தோன்றல் ஒருவன், தன் கோயிலின் கணக்கை எழுந்து நின்று கேட்டல் சிறு செயலாகத் தோன்றலாம். ஆயின் ஆளப்பட்டவன் ஆட்சியிற் பங்குபெறும் முதற்படி அதுவே.

இதனை நம் கோயில்களோடு ஒப்புநோக்குதல் தகும். யாழ்ப்பாணத்திலே நல்லூர்க் கந்தசுவாமி கோயில்போல் வழிவழி உரிமையால் ஆளப்படுவனவும், பொதுச்சபையால் ஆளப்படுவனவும் உள. இருவகையிலும் சிறப்புற நடப்பனவும் உள; வழக்கு மன்றத்திற் பல்லாண்டு கிடந்து மெலிந்தனவும் உள. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம், சமயப் பொறுப்பில் அக்கறையுடையார் ஐவர் கூடி நீதிமன்றத்தை அணுக வழி செய்துளது. ஆயின் நீதிமன்றம் நோய் முற்றியபின் நாடும் மருந்து. ஆண்டுதோறும் கணக்கைப் படித்தல், நிலத்தைத் தனியொருவர் பேரில் வையாமை, பூசகரின் பணியையும் பாதுகாப்பையும் எழுத்தில் வரையறுத்தல் ஆகிய மூன்றும் நோய் வருமுன் காப்பன. இவற்றுக்கு எச்சமயமும் தடையன்று, எத்தோட்டமும் சிறிதன்று.

பூண்டுலோயாவின் மாரியம்மன் கோயிலுக்கும் கொழும்புப் பேராலயத்துக்கும் இடையே தெய்வமும் மொழியும் சடங்கும் வேறு. ஆயினும் சம்பளத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துக் கொடுக்கும் அடியவன் இரண்டிடத்தும் ஒருவனே. தான் கொடுத்த பணம் எங்கே சென்றது எனக் கேட்க அவனுக்கு உரிமை உண்டு. அக்கேள்விக்கு விடையளிக்கக் கடமைப்பட்டவர் ஒருவர் இருத்தல் வேண்டும். நற்பரிபாலனம் என்பது அவ்வளவே. அஃது எவ்வாலயத்தில் நிலவினும் ஆங்கே அறம் நிலவும் என்க.