டௌபர் ஆற்றோரம் துவிச்சக்கரவண்டியில் ஒரு நாள்

தென் ஜேர்மனியில், பவேரிய மாநிலமும் பாடன்-வூர்ட்டெம்பேர்க் மாநிலமும் ஒன்றையொன்று தொடும் எல்லையிலே டௌபர் என்னும் சிற்றாறு ஓடுகின்றது. அதன் கரையோரமாக றொதென்பேர்க் நகரிலிருந்து வேர்ட்ஹைம் வரை ஏறக்குறைய 100 கிலோமீற்றர் நீளமான துவிச்சக்கரவண்டிப் பாதை உண்டு. அதன் முற்பகுதியாகிய மெர்கென்ட்ஹைம் வரையுள்ள சுமார் 45 கிலோமீற்றரை ஒரு பகற்பொழுதிற் கடந்துவிடலாம். ஆற்றின் போக்கிலேயே பாதையும் பெரும்பாலும் இறங்கிச் செல்வதால் முதியோருக்கும் அது அரிதன்று. நம்மவர் அன்றாடம் ஓட்டும் இவ்வண்டியின் முன்னோடியை 1817 ஆம் ஆண்டில் மன்ஹைம் நகரில் முதன்முதல் ஓட்டிக் காட்டியவரும் கார்ல் டிறைஸ் என்னும் ஜேர்மானியரே. அதற்கு மிதி கிடையாது. நிலத்தைக் காலால் உந்தியே அவர் அதனைச் செலுத்தினார்.

பயணம் தொடங்கும் றொதென்பேர்க், ஆற்றுக்கு மேலே குன்றின் விளிம்பில் மதில் சூழ நிற்கும் நகரம். 1274 இல் பேரரசருக்கு மாத்திரமே கட்டுப்பட்ட சுதந்திர நகரமாயிற்று. முப்பதாண்டு யுத்தத்தின்போது, 1631 இல், தளபதி டில்லியின் படை அதனைக் கைப்பற்றியது. அதன்பின் வணிகம் நலிந்து நகரம் வறுமையுற்றது. பழையதை இடித்துப் புதியது கட்டப் பணமில்லாமையாலேயே அந்நகரின் பழங்கோலம் நிலைத்தது எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓவியர்கள் வந்து அதன் அழகை உலகுக்கு உணர்த்தினர்.

ஆயினும் காண்பதெல்லாம் பழமை என்று கொள்ளலாகாது. 1945 மார்ச் 31 ஆந் தேதி அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகளால் நகரின் ஏறக்குறைய நாற்பது வீதம் அழிந்தது. அடுத்த மாதம் தரைப்படை நெருங்கியபோது, பீரங்கித் தாக்குதல் வேண்டாமென இடைநின்று தடுத்தவர் அமெரிக்க யுத்த உதவிச் செயலாளர் ஜோன் மக்ளோய். கீழ்த்திசையில் நாம் காணும் வீடுகளுட் பல யுத்தத்தின் பின் பழைய வடிவில் மீளக் கட்டப்பட்டவை. மதில்மீது கூரையிட்ட நடைவழியிற் செல்வோர், திருத்த வேலைக்குப் பொருளுதவியோரின் பெயர் பொறித்த கற்களை வழிநெடுகக் காணலாம். பழமையைப் போலச் செய்தது குறையன்று. அதனை மறையாது கல்லிற் பொறித்துள்ளமை பாராட்டத்தக்கது.

நகரிலிருந்து செங்குத்தான இறக்கத்திற் கவனமாக இறங்கினால் டெற்வாங் என்னுஞ் சிற்றூர். அங்கிருந்து ஆறும் வயலும் பழைய ஆலைகளுமாய்ப் பாதை நீண்டு கிறெக்லிங்கென் சேர்கிறது. ஊருக்குச் சற்று வெளியேயுள்ள தேவாலயத்தில், தில்மன் ரீமென்ஷ்னைடர் என்னும் சிற்பி லிண்டன் மரத்திற் செதுக்கிய மரியாள் பீடம் ஒன்பது மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்து வேலை அது. வர்ணம் பூசாது, மரத்தின் நிறத்தையும் அதன்மேல் விழும் ஒளியையுமே துணையாகக் கொண்டு முகங்களுக்கு உயிரூட்டியுள்ளார். இச்சிற்பி வூர்ட்ஸ்பேர்க் நகரின் மேயராகவும் விளங்கியவர். 1525 இல் குடியானவர் கிளர்ச்சி மூண்டபோது, அவர்களுக்கெதிராகப் படையெடுக்க மறுத்த நகரசபையினருள் ஒருவராயிருந்தமையாற் சிறையும் சித்திரவதையும் கண்டார். சமயச் சீர்திருத்தம் பரவிய பின் இப்பீடம் பலகைகளால் மூடப்பட்டது. 1832 இலேயே மீண்டுந் திறக்கப்பட்டது. மூன்று நூற்றாண்டுப் புறக்கணிப்பே அதற்குக் காவலாயிற்று!

இதே ஊரில் 1933 மார்ச் 25 ஆந் தேதி, ஹிட்லர் பதவியேற்று இரண்டு மாதங்கூடக் கழியாத வேளையில், யூத ஆடவர் பதினாறு பேர் நகர மண்டபத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டு அடிக்கப்பட்டனர். அவருள் இருவர் இறந்தனர். நாஸி ஆட்சியில் யூதர் கொல்லப்பட்ட மிக முந்திய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. இன்று அங்கே யூதர் வரலாற்றுக் காட்சிச்சாலை ஒன்றுண்டு. பீடத்தைக் காண வருவோர் பலர் அதனைக் கடந்து போய்விடுகின்றனர். சிற்பத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவோர் இதற்கும் அரை மணி ஒதுக்குதல் தகும்.

அப்பால் வைக்கர்ஸ்ஹைம். ஹோஹென்லோஹெ பிரபுக்களின் அரண்மனையும், குள்ளர் சிலைகள் நிற்கும் தோட்டமும் அங்குள்ளன. அரண்மனையின் வீரர் மண்டபச் சுவரிலே சாந்தினாற் செய்த வேட்டை விலங்குகள் புடைத்து நிற்கின்றன. அவற்றிடையே ஒரு யானையும் உண்டு. யானையைக் கண்ணாற் கண்டிராத கைவினைஞர் செய்தது என்பது பார்த்த மாத்திரத்திலே விளங்கும். யானைகள் வாழும் நாட்டினராகிய நமக்குச் சிரிப்பை அடக்குதல் அரிது.

மாலையில் மெர்கென்ட்ஹைம் வந்து சேரலாம். தியூத்தோனிய வீரத்துறவியர் சங்கத் தலைவரின் இருக்கையாக, 1809 இல் நெப்போலியன் அதனைப் பறிக்கும்வரை, ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு விளங்கிய நகரம் இது. தலைவர் போனதும் நகரின் வருவாயும் போயிற்று. 1826 இல் ஆட்டிடையர் ஒருவர் ஆற்றங்கரையில் உப்புச்சுவையுடைய ஊற்றொன்றைக் கண்டார். அதனால் அந்நகரம் மருத்துவ நீராடலுக்கு வருவோரின் உறைவிடமாகி மறுவாழ்வு பெற்றது. களைத்தோர் இங்கிருந்து வண்டியுடன் புகையிரதமேறித் திரும்பலாம். களையாதோர்க்கு வேர்ட்ஹைம் வரை இன்னும் ஒரு நாட் பாதை இருக்கிறது.