கருவி விளக்கம் (செயற்கை நுண்ணறிவு)

கருவி விளக்கம் என்பது, செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்று அழைக்கக்கூடிய மென்பொருள் செயலைப் பற்றி, அம்முகவரை இயக்கும் மொழி மாதிரிக்கு எழுத்தில் தரப்படும் அறிமுகம் ஆகும். செயலின் பெயர், அது செய்யும் வேலை, தர வேண்டிய உள்ளீடுகள், கிடைக்கும் விடை ஆகியவை இதில் இடம்பெறும். பொதுவாக, செயலுக்குப் பின்னால் உள்ள நிரல் மாதிரிக்குத் தெரிவதில்லை. விளக்கத்தைப் படித்தே எந்தச் செயலை, எப்போது, எந்த மதிப்புகளுடன் அழைப்பது என்று அது முடிவு செய்கிறது. எனவே விளக்கத்தில் உள்ள குழப்பம் தவறான செயலாகவே முடியக்கூடும்.

பின்னணி

மென்பொருள்கள் ஒன்றையொன்று அழைப்பதற்கான வழி ஏபிஐ (பயன்பாட்டு நிரலாக்க இடைமுகம்) எனப்படுகிறது. ஏபிஐ ஆவணங்கள் நெடுங்காலமாக நிரலர்களுக்காகவே எழுதப்பட்டன. ஐயம் எழுந்தால் நிரலர் சோதித்துப் பார்ப்பார் அல்லது சக பணியாளரிடம் கேட்பார். மொழி மாதிரியோ பெரும்பாலும் தன் முன் உள்ள சொற்களை நம்பி உடனே செயல்படுகிறது.

2023 ஜூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் ஏபிஐயில் செயல் அழைப்பு வசதியை அறிமுகப்படுத்தியது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், மாதிரிகளையும் கருவிகளையும் இணைக்கும் எம்சிபி என்ற திறந்த நெறிமுறையை வெளியிட்டது. இந்நெறிமுறையில் ஒரு கருவிக்குப் பெயர், விளக்கம், ஜேசன் வடிவில் அமைந்த உள்ளீட்டு வரையறை ஆகியவை தரப்படுகின்றன.

தென்காசியில் உருவான மென்பொருள்

சோகோ நிறுவனம் 2011 இல் தென்காசிப் பகுதியில் அலுவலகம் தொடங்கியது. அதன் வளாகம் மத்தளம்பாறையில் உள்ளது. வாடிக்கையாளர் கோரிக்கைகளைக் கையாளும் சோகோ டெஸ்க் மென்பொருள் இங்கு உருவாக்கப்பட்டது. முகவர்கள் தன் மென்பொருள்களை அழைப்பதற்கான எம்சிபி வழங்கியை இந்நிறுவனம் 2025 ஜூலையில் அறிவித்தது.

நல்ல விளக்கம் எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கு சோகோ டெஸ்க் ஏபிஐ பொருத்தமான எடுத்துக்காட்டு. இதில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் (டிக்கெட்) இரண்டு எண்கள் உண்டு. வாடிக்கையாளர் மின்னஞ்சலில் குறிப்பிடுவது சிறிய டிக்கெட் எண். ஏபிஐ கேட்பதோ நீளமான உள் அடையாள எண். "டிக்கெட் எண்ணைத் தருக" என்று மட்டும் எழுதினால் முகவர் சிறிய எண்ணையே அனுப்பும். "இது உள் அடையாள எண், வாடிக்கையாளர் சொல்லும் எண் அன்று, தெரியாவிடில் முதலில் தேடல் கருவியை அழைக்கவும்" என்று எழுதினால் வழி தெளிவாகிறது.

கோரிக்கையில் சேர்க்கும் கருத்துரை பொதுவானதா, உள் பயன்பாட்டுக்கு மட்டுமா என்று குறிக்கும் புலமும் இந்த ஏபிஐயில் உண்டு. "உண்மை எனில் வாடிக்கையாளருக்குத் தெரியும், பொய் எனில் பணியாளர்களுக்கு மட்டும்" என்ற ஒரு வரி இல்லாவிட்டால், அலுவலகத்துக்குள் இருக்க வேண்டிய குறிப்பு வெளியே போய்விடலாம்.

எடுத்துக்காட்டு: அருவி நிலவரம்

குற்றால அருவிகளில் குளிக்க அனுமதி உண்டா என்று சொல்லும் கற்பனைக் கருவி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

தெளிவற்ற விளக்கம்: "அருவி நிலவரத்தைத் தரும். உள்ளீடு: இடம்."

இதில் மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, இடம் எது என்பது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகியவை வெவ்வேறு இடங்கள். ஒன்றில் தடை இருக்கும்போது மற்றொன்றில் அனுமதி இருக்கலாம். பேச்சு வழக்கில் பலர் "குத்தாலம்" என்பர். ஆனால் மயிலாடுதுறை மாவட்டத்தில் குத்தாலம் என்றே ஓர் ஊர் உண்டு. இரண்டாவது, தகவல் எந்த நேரத்துக்குரியது என்பது. மூன்றாவது, தகவல் கிடைக்காதபோது என்ன விடை வரும் என்பது.

இவை சிறிய குறைகள் அல்ல. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். மலையில் பெய்யும் மழையால் நிலைமை விரைவில் மாறும் இடத்தில், காலையில் பதிவான "அனுமதி உண்டு" என்ற தகவல் மாலைக்குப் பொருந்தாது.

தெளிவான விளக்கம்: "ஓர் அருவியில் குளிக்க அனுமதி உண்டா என்பது பற்றிக் கடைசியாகப் பதிவான அறிவிப்பைத் தரும். உள்ளீடு: பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகியவற்றில் ஒன்று. பயனர் 'குற்றாலம்' என்று மட்டும் சொன்னால் எந்த அருவி என்று கேட்கவும். விடை: அனுமதி, தடை அல்லது தகவல் இல்லை, பதிவான நேரம். நேரத்தைப் பயனருக்குக் கட்டாயம் சொல்லவும். 'தகவல் இல்லை' என்பதை அனுமதியாகக் கொள்ளக் கூடாது. வானிலை முன்னறிவிப்புக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம்."

இடம்பெற வேண்டியவை

• கருவி செய்யும் வேலை, ஒரே வாக்கியத்தில்.
• எப்போது பயன்படுத்த வேண்டும், எப்போது கூடாது. ஒத்த கருவி இருந்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.
• ஒவ்வோர் உள்ளீட்டின் பொருள், அலகு, வடிவம். 05-06 என்ற தேதி சூன் 5 ஆகவோ மே 6 ஆகவோ கொள்ளப்படலாம்.
• மதிப்புகள் சிலவே எனில் அவற்றின் முழுப் பட்டியல்.
• விடையின் அமைப்பும் பிழைச் செய்திகளின் பொருளும்.
• பின்விளைவு: கருவி படிக்க மட்டும் செய்கிறதா, மாற்றுகிறதா, அழிக்கிறதா என்பது.

வரம்புகள்

விளக்கம் நீளமாக இருப்பதால் மட்டும் தெளிவாகிவிடாது. மாதிரி ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய உரைக்கு எல்லை உண்டு; ஒத்த கருவிகள் பெருகினால் தேர்வில் குழப்பமும் பெருகும். பயனர்கள் உண்மையில் கேட்கும் கேள்விகளைக் கொடுத்து, எந்தக் கருவி அழைக்கப்படுகிறது என்று பார்த்துத் திருத்துவதே நம்பகமான வழி.

விளக்கம் பாதுகாப்புக்கு மாற்றாகவும் அமையாது. "அழிக்க வேண்டாம்" என்று எழுதுவதால் மட்டும் அழிப்பு தடைபடாது. அதற்கான அனுமதிக் கட்டுப்பாடு மென்பொருளிலேயே இருக்க வேண்டும். தீய நோக்குள்ள ஒருவர் தன் கருவியின் விளக்கத்தில் மறைமுகக் கட்டளைகளைச் செருகி முகவரைத் திசைதிருப்பவும் முடியும். ஆகவே வெளியாரின் கருவியை இணைக்கும் முன் அதன் விளக்கத்தைப் படித்துப் பார்ப்பது அவசியம்.