87 வாக்கும் 16 ரூபாயும்

2016 சட்டமன்றத் தேர்தலில் காட்டுமன்னார்கோயிலில் தொல். திருமாவளவன் தோற்றது வெறும் 87 வாக்குகளில். 2019-இல் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் அவரே வென்றது 3,219 வாக்குகளில். எந்தக் கட்சியை ஆதரிப்பவராக இருந்தாலும் இந்த எண்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 87 வாக்கு என்பது ஒரு தெருவில் ஒரு சாரி வீடுகள். கடலூர் மாவட்டத்தில் ஒரு தெரு மனம் மாறினால் ஒரு தொகுதியின் ஐந்தாண்டு மாறிவிடும். பணக் கவரோடு இரவில் கதவைத் தட்டுபவருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

சட்டம் சொல்லும் கணக்கு

தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளர் செலவு செய்யக்கூடிய உச்சவரம்பு, 2022-இல் உயர்த்தப்பட்டபடி, 40 லட்சம் ரூபாய். மக்களவைக்கு 95 லட்சம். இரண்டரை லட்சம் வாக்காளர்கள் உள்ள ஒரு சட்டமன்றத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 16 ரூபாய் வருகிறது. மேடை, மைக், வண்டி, துண்டறிக்கை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். தொகுதி முழுக்கத் தலைக்கு 500 ரூபாய் பட்டுவாடா ஆனால் பன்னிரண்டரைக் கோடி! அது எந்தக் கணக்கிலும் ஏறாத பணம். போட்டவர் அதை எடுக்காமல் விடுவாரா?

இந்தப் பணத்துக்கு முன் முதலில் தோற்பவர், உங்கள் பிரச்சினையைப் பேசும் எளிய வேட்பாளர். சட்டமன்றத்துக்கு டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 5,000. எளியவரும் நிற்கட்டும் என்பதுதான் சட்டத்தின் எண்ணம். 2021-இல் திருத்துறைப்பூண்டியில் வென்ற மாரிமுத்து கூரை வீட்டில் வாழ்ந்தவர். கடலூர் சிப்காட்டின் நெடி, 2023-இல் வளையமாதேவியில் சுரங்கப் பணிக்காகப் பொக்லைன் இறங்கிய நெல்வயல், ஆண்டுதோறும் மிரட்டும் வெள்ளம் ஆகியவற்றைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேட்க, யாருக்கும் கடன்படாத ஆள் வேண்டும்.

மேலிருந்து வரும் பணம்

வேட்பாளருக்கு வரம்பு உண்டு. கட்சி செய்யும் பொதுப் பிரசாரச் செலவுக்கு வரம்பே இல்லை. அந்தப் பணத்தை யார் கொடுத்தார்கள் என்பதை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கட்சிக்கு நிதி கொடுப்பவர் யார் என்று அறிவது வாக்காளரின் உரிமை என்றது தீர்ப்பு.

வாங்கினாலும் குற்றம்

பாரதிய நியாய சன்ஹிதாவின் 170, 173 பிரிவுகளின்படி வாக்குக்காகப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஊருக்கே இழப்பு வருவதும் உண்டு. 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தல் பணப் பட்டுவாடா புகாரால் ரத்தாகி, ஆகஸ்டில்தான் நடந்தது.

‘கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கிட்டாங்களே’ என்று அஞ்சுபவர்கள் உண்டு. குற்றத்துக்காக வாங்கிய சத்தியம் யாரையும் கட்டாது. நீங்கள் அழுத்திய பொத்தானைக் கட்சிக்காரர் யாரும் பார்க்க முடியாது. ஒப்புகைச் சீட்டு உங்கள் கண்ணுக்கு மட்டும் 7 விநாடி தெரிந்து பெட்டிக்குள் விழுந்துவிடும்.

என்ன செய்யலாம்?

வாக்குப்பதிவுக்கு முன்: ஒவ்வொரு வேட்பாளரும் சொத்து, கடன், குற்ற வழக்கு, படிப்பு ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அதை இலவசமாகப் படிக்கலாம். முன்பு பதவியில் இருந்தவர் என்றால் பழைய பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தேர்தல் நேரத்தில்: பணமோ டோக்கனோ கொடுப்பதைக் கண்டால் சி-விஜில் செயலியில் அங்கேயே படமோ காணொளியோ எடுத்து அனுப்புங்கள். பெயரைச் சொல்லாமலும் அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது விதி. ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் 1950 என்ற எண்ணை அழைக்கலாம்.

முடிவுக்குப் பின்: 30 நாளுக்குள் வேட்பாளர் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். தவறினால் மூன்றாண்டு போட்டியிடத் தடை வரலாம். சிறு கட்டணம் கட்டி அந்தக் கணக்கை யாரும் பார்க்கலாம். ஊரே பார்த்த கூட்டத்துக்கு எத்தனை நாற்காலி எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். லஞ்சம் கொடுத்து வென்றதற்குச் சான்று இருந்தால், அந்தத் தொகுதியின் வாக்காளர் எவரும் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடுக்கலாம்.

இத்தனையும் தனியாளாகச் செய்வது சிரமம். மகளிர் குழுவிலோ, மீனவர் பஞ்சாயத்திலோ, விவசாயிகள் சங்கத்திலோ பத்துப் பேர் சேர்ந்து செய்யுங்கள். ‘எங்கள் தெருவில் கவர் வாங்க மாட்டோம்’ என்று தெருமுனையில் ஒரு பலகை வையுங்கள். 87 வாக்கில் முடிவான மண் இது. ஒரு தெரு போதும்.