ஒரு கோபுரம், பல வீடுகள்: கார்டெக்ட்

கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசி அமைப்பில், வீட்டுச் சுவரில் மாட்டிய பெட்டியின் பெயர் ‘வால்செட்’. கூரைமேல் பொருத்திய சிறு ஆன்டெனா வழியே தொலைவிலுள்ள கோபுரத்தோடு இது தொடர்புகொண்டது. தொலைபேசி, கணினி இரண்டையும் இதில் இணைக்க முடிந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே விநாடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையமும் ஓடியது. பேச்சு இல்லாதபோது 70. இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றைத் திறக்கவே இந்த வேகத்தில் பொறுமை வேண்டும்!

சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழுவும் மைடாஸ் நிறுவனமும் 1990களில் கார்டெக்டை உருவாக்கின. வீட்டுக்கு வீடு செம்புக் கம்பி இழுப்பதுதான் அன்று பெருஞ்செலவு. அதற்குப் பதிலாக, 1880–1900 மெகாஹெர்ட்ஸ் அலைகளை ஒரு கோபுரத்தைச் சுற்றியுள்ள வீடுகள் பகிர்ந்துகொண்டன. எட்டும் தூரம் சுமார் 10 கி.மீ.; நடுவே ரிலே நிலையம் வைத்தால் 25.

ஆனால் கோபுரமும் ஆன்டெனாவும் ஒன்றுக்கொன்று மறைவின்றித் தெரிய வேண்டும். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001 முதல் கிராம இணைய மையங்கள் கார்டெக்டை நம்பி நடந்தன. அங்கிருந்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு நோயாளிகளின் கண் படங்கள்கூடப் போயின. ஆனால் மறைவில்லாத பார்வை எல்லா இடத்திலும் எளிதாகக் கிடைக்காது: திருவனந்தபுரத்தின் நிலம் ஏறி இறங்குவது, தென்னை அடர்ந்தது. மழையில் நனைந்த ஓலைகள் இந்த அலைகளை நன்றாகவே விழுங்கும். அங்கே ஆன்டெனாவைத் தாங்கும் கம்பம் தென்னந்தலைகளைத் தாண்டி உயர வேண்டும்.

2023இல் வந்த ஜியோ ஏர்ஃபைபர் என்னும் கம்பியில்லா வீட்டு இணையச் சேவையிலும் அமைப்பு இதேதான்: கோபுரம் ஒன்று, கூரைகள் பல.