வஃபாத்துத் தேதியும் வாரிசுரிமையும்: குடும்ப வரலாற்றைத் தேடும் வழிகள்

இமாம் இப்னு கல்லிகான் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 654இல் (கி.பி. 1256) கெய்ரோவில் எழுதத் தொடங்கி, 672இல் (கி.பி. 1274) நிறைவு செய்த பெருநூலுக்கு ‘வஃபயாத்துல் அஃயான்’ என்று பெயரிட்டார்கள். ‘சான்றோரின் மறைவுகள்’ என்பது அதன் பொருள். எண்ணூறுக்கும் மேற்பட்டோரின் வரலாறு அதில் இடம்பெற்றுள்ளது. ஒருவர் மறைந்த ஆண்டு உறுதியாகத் தெரிந்தால்தான் அவரை நூலில் சேர்ப்பது என்பதைப் பொது நெறியாக அவர்கள் கொண்டிருந்தார்கள்.

பிறப்பை விடுத்து இறப்பை அளவுகோலாகக் கொண்டது ஏன்? ஒரு குழந்தை பிறந்த நாளை வீட்டார் மட்டுமே அறிவர். அவர்களும் நாளடைவில் மறந்துவிடுவர். ஒருவர் மறைந்த நாளையோ ஊரே அறியும். அன்று ஜனாஸாத் தொழுகை நடைபெறுகிறது. மனைவியின் இத்தா அன்றிலிருந்து கணக்கிடப்படுகிறது. கடன், வஸிய்யத், வாரிசுரிமை ஆகிய அனைத்தும் அந்த நாளைப் பற்றியே நிற்கின்றன.

ஹதீஸ்கலை வல்லுநர்களும் இதே அளவுகோலைக் கையாண்டனர். அறிவிப்பாளர்கள் பொய்யைக் கையாளத் தொடங்கியபோது தாம் அவர்களுக்கு எதிராகத் தேதிகளைக் கையாண்டதாக இமாம் ஸுஃப்யான் அஸ்ஸவ்ரீ (ரஹ்) அவர்கள் கூறிய செய்தி மாணவர் பலரும் அறிந்ததே. ஆசிரியர் மறைந்த பின்னர்ப் பிறந்த ஒருவர், அவரிடம் நேரில் கேட்டதாகச் சொன்னால் அந்தக் கூற்று அங்கேயே விழுந்துவிடும். இத்துணைக் கூர்மையான ஒரு கருவியை நம் குடும்ப வரலாற்றுக்கு நாம் பயன்படுத்துவதில்லை என்பது வியப்புக்குரியது.

நஸபைக் கற்பது எதற்காக?

மனிதர்களைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், மேன்மை இறையச்சத்தில்தான் உள்ளது என்றும் திருக்குர்ஆன் (49:13) தெளிவுபடுத்துகிறது. உறவுகளைப் பேணுவதற்குத் தேவையான அளவு வமிசத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. ஆக, நஸபை அறிவதற்கு மார்க்கம் காட்டும் நோக்கம் பெருமையன்று, உறவும் உரிமையுமே.

நம்மவரிடையே நிலைமை இதற்கு நேர்மாறாக உள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் எந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி வந்தோம் என்று சொல்வோர் பலர். தம் பாட்டனாரின் தாயார் பெயரைச் சொல்லக்கூடியோர் மிகச் சிலர்.

எமது குடும்பத்திலும் அத்தகைய ஸில்ஸிலா ஒன்று கண்ணாடிச் சட்டத்துள் இருந்தது. பதினொரு பெயர்கள், பதினொன்றாவது பெயர் ஒரு ஸஹாபியுடையது. நூறு ஆண்டுக்கு மூன்று தலைமுறை என்பது வமிசப் பட்டியல்களைச் சோதிப்பதற்கு இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் முகத்திமாவில் தரும் கணக்கு. அதன்படி பதினொரு பெயர்கள் நானூறு ஆண்டுகளைக்கூட நிரப்பமாட்டா. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் வேண்டும். இதனால் அந்தப் பட்டியல் முழுவதும் பொய் என்று ஆகிவிடாது. இடையே பெயர்கள் விடுபட்டிருக்கலாம். மேலே உள்ள பெயர்கள் பின்னர் ஒட்டப்பட்டிருக்கலாம். சான்று உள்ள வரையில் மட்டுமே ஏறுவது என்று உறுதிகொண்டு நாம் கீழிருந்து தொடங்கினோம். அந்தத் தேடலில் பயன்பட்ட வழிகளையே இங்கு முறைப்படுத்தித் தருகிறோம்.

வஃபாத்துச் செய்திகள்

முதற்படி, அச்சில் வந்த மறைவுச் செய்திகள். நம் சமுதாய இதழியல் பழமையானது. 1882இல் அறிஞர் சித்திலெவ்வை கண்டியில் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். 1887இல் மகுதூம் சாயபு சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ இதழைத் தொடங்கினார். 1935 முதல் வெளிவரும் ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய பக்கங்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் கணினி வழியே பார்க்கத் தந்துள்ளது. கடல் கடந்து வாழ்ந்த நம்மவரின் சொந்த ஊர், தகப்பனார் பெயர், தொழில், மக்கள், மருமக்கள் ஆகிய செய்திகள் இத்தகைய பக்கங்களில் சிதறிக் கிடக்கின்றன.

இவற்றைப் படிப்பதில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஒன்று, வயது. அறுபது, எழுபது, எண்பது என முழு எண்ணாகத் தரப்படும் வயது பெரும்பாலும் மதிப்பீடே. மற்றொன்று, பெண்களின் பெயர். மகன்கள் பெயரோடு வருவர், மகள்கள் வரமாட்டார்கள். ஆனால் மருமகன்களின் பெயர்கள் வரும். மருமகன் பெயரைப் பிடித்துக்கொண்டால் மகளைக் கண்டடையலாம். ஹாபிழ் ஸகாவீ (ரஹ்) அவர்கள் தம் ‘அழ்ழவ்உல் லாமிஃ’ நூலின் இறுதிப் பாகம் முழுவதையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கே ஒதுக்கினார்கள். ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டுப் பெண்களுக்குக் கிடைத்த அந்த இடத்தை நம் பாட்டிமார்களுக்கு நாம் தரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மையவாடி

இரண்டாம் படி, மையவாடி. உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களை அடக்கம் செய்தபின் நபி (ஸல்) அவர்கள் தாமே ஒரு கல்லைத் தூக்கி வந்து தலைமாட்டில் வைத்தார்கள் என்றும், தம் சகோதரரின் கப்றை அடையாளம் காணவும், தம் குடும்பத்தாரில் மறைவோரை அவர் அருகே அடக்கவும் அவ்வாறு செய்ததாகக் கூறினார்கள் என்றும் அபூதாவூதில் வருகிறது. அடையாளக் கல்லின் நோக்கமும், உறவினரை அருகருகே அடக்கும் வழக்கமும் இதில் ஒருங்கே விளங்குகின்றன. ஆகவே மீஸான் கல்லைப் படிக்கும்போது அதன் பக்கத்துக் கற்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வரிசையே ஒரு வமிசப் பட்டியல்.

கப்றின் மீது எழுதுவது பற்றிய கருத்து வேறுபாட்டை நாம் அறியாதவர்கள் அல்லர். எழுதுவதைத் தடுக்கும் அறிவிப்பு திர்மிதீயில் உண்டு. கிழக்கிலிருந்து மேற்கு வரை இமாம்களின் கப்றுகள் மீது எழுத்து இருப்பதால் நடைமுறை அவ்வாறு அமையவில்லை என்று ஹாகிம் (ரஹ்) கூற, தஹபீ (ரஹ்) அதனை மறுத்துள்ளார்கள். அந்த விவாதத்துக்குள் நாம் புகவில்லை. முன்னரே எழுதப்பட்ட கல்லைப் படித்துக் குறித்துக்கொள்வதற்கு அது தடையாகாது.

படிப்பதற்கு ஏற்ற நேரம் காலையும் மாலையும். சாய்ந்து விழும் வெயிலில் தேய்ந்த எழுத்தும் நிழல் கொள்ளும். தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். அமிலமோ இரும்புச் சீப்போ கல்லைத் தொடக்கூடாது. நிழற்படத்தோடு வரிசை, இடம், பக்கத்துக் கல் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

தேதிகளை ஒப்பிடல்

கற்களில் ஹிஜ்ரி ஆண்டும், தென்மாவட்டங்களில் கொல்லம் ஆண்டும், சிலவற்றில் தமிழாண்டுப் பெயரும் காணப்படும். ஹிஜ்ரி ஆண்டை 33ஆல் வகுத்து, கிடைத்ததை அதே ஆண்டிலிருந்து கழித்து, 622ஐக் கூட்டினால் ஏறத்தாழக் கிறிஸ்தவ ஆண்டு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஹிஜ்ரி 1316 என்பது கி.பி. 1898. கொல்லம் ஆண்டோடு 825ஐக் கூட்ட வேண்டும். ஆண்டின் முற்பகுதியாயின் 824. தமிழாண்டு அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது. விளம்பி என்றால் 1898ஆகவும் இருக்கலாம், 1958ஆகவும் இருக்கலாம். இரண்டு வகைத் தேதிகள் ஒரே கல்லில் கிடைத்தால் ஒன்று மற்றொன்றைச் சரிபார்க்கும்.

மர்ஸியாக்களின் இறுதியில் அப்ஜத் கணக்கில் ஆண்டு மறைந்திருப்பதும் உண்டு. ‘கஃபூர்’ என்ற சொல்லில் கைன் 1000, ஃபா 80, வாவ் 6, ரா 200, கூட்டினால் 1286. அதாவது கி.பி. 1869. ‘தாரீக்’ என்ற சொல் பாட்டில் வந்தால் அதனை அடுத்து வரும் சொற்களைக் கூட்டிப் பார்ப்பது நலம்.

கணக்கெடுப்பும் பதிவேடுகளும்

மக்கள் கணக்கெடுப்பைப் பற்றிப் பலருக்கும் தவறான எதிர்பார்ப்பு உண்டு. இங்கிலாந்தில் நூறாண்டு கழித்து வீடுவாரிப் படிவங்களே வெளியிடப்படுகின்றன. 1921ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022இல் வெளிவந்தன. நம் நாட்டில் அவ்வாறில்லை. சென்னை மாகாணத்தில் 1871இலும், நாடு முழுவதும் ஒருசேர 1881இலும் கணக்கெடுப்பு நடந்தது. ஆயினும் நமக்குக் கிடைப்பவை அட்டவணைகளே. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தனிநபர் விவரங்களைப் பிறர் பார்வையிடுவதைத் தடுக்கிறது.

ஆகவே கணக்கெடுப்பில் பாட்டனாரின் பெயரைத் தேடுதல் வீண். ஊரின் நிலையை அறிவதற்கு அது பயன்படும். லெப்பை, மரைக்காயர் எனப் பிரித்து எண்ணிய பழைய அட்டவணைகளும், 1951 முதல் வெளிவந்த மாவட்டக் கையேடுகளும் அதற்கு உதவும். ஒரு கடற்கரை ஊரில் ஆண்களைவிடப் பெண்கள் மிகுந்திருப்பின், ஆண்கள் எங்கே போனார்கள் என்ற வினா எழும். விடையைத் தேடிக் கொழும்புக்கோ பினாங்குக்கோ நம் தேடல் நகரும்.

பெயர்களுக்கு வேறு ஏடுகள் உள்ளன. ஜமாஅத்தின் நிகாஹ் பதிவேட்டில் மணமகள், அவர் தந்தை, வலீ, சாட்சிகள், மஹர் ஆகிய அனைத்தும் இருக்கும். பெண்ணின் பெயர் தவறாமல் எழுதப்படும் ஏடு இது. சார்பதிவாளர் அலுவலகத்துப் பத்திரங்கள், வக்ஃபு ஆவணங்கள், பிறப்பு இறப்புப் பதிவேடுகள், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் இனாம் ஏடுகள் ஆகியவையும் பார்க்கத்தக்கன. பழைய வாக்காளர் பட்டியல்களில் தந்தை அல்லது கணவர் பெயரும் வயதும் உண்டு. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, இருபதாண்டுக்கு முந்தைய பட்டியலில் தம் பெற்றோர் பெயரைத் தேடியோர், ஒரே பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதை உணர்ந்திருப்பர். முகம்மது, முஹம்மது, மொகமது என்பன ஒருவரையே குறிக்கலாம். இங்கு மரைக்காயர் என எழுதப்படுவது இலங்கையில் மரிக்கார் என்றும், பினாங்கில் மெரிக்கன் என்றும் ஆகும். பேரனுக்குப் பாட்டனார் பெயரிடும் வழக்கத்தால் ஒரே பெயர் இருவரையும் குறிக்கலாம். இவ்விடத்தும் வஃபாத்துத் தேதியே பிரித்துக் காட்டும்.

இரண்டு கற்கள்

எமது தேடலில் கண்டதைக் கூறி முடிக்கிறோம். பாட்டனாரின் தந்தையார் கப்றில் ஹிஜ்ரி 1341 (1922-23) என்றிருந்தது. அதன் அருகே சிதைந்த சிறு கல் ஒன்று. பெயர் தேய்ந்துபோக, ‘பின்த்’ என்ற சொல்லும், அதே தந்தையாரின் பெயரும், 1351 (1932) என்ற ஆண்டும் எஞ்சியிருந்தன. பாட்டனாருக்குச் சகோதரி எவரும் இலர் என்றே வீட்டில் சொல்லிவந்தனர். நிகாஹ் பதிவேட்டை 1338 வரை புரட்டியபோது அந்தச் சகோதரியின் பெயரும் மணமகனின் ஊரும் கிடைத்தன. சிங்கப்பூர்த் தமிழ் நாளிதழ் ஒன்றின் 1958ஆம் ஆண்டு மறைவுச் செய்தியில் அவருடைய மகன் கிடைத்தார். அடக்கம் பிதாதரி மையவாடியில் என்றிருந்தது.

அந்த மையவாடி இன்று இல்லை. 1910இல் முஸ்லிம்களுக்குத் திறக்கப்பட்டு 1972இல் மூடப்பட்ட அவ்விடத்திலிருந்து 2001 முதல் 2006 வரை சுமார் 68,000 முஸ்லிம் கப்றுகள் தோண்டியெடுக்கப்பட்டு வேறிடத்தில் அடக்கப்பட்டன. அவர் கப்றின் மீது கல் இருந்திருப்பினும் இன்று நாம் தேடிப் போக வழியில்லை. செய்தித்தாளின் நான்கு வரிகளே அவர் சந்ததியிடம் நம்மைக் கொண்டுசேர்த்தன.

இனி ஃபராயிழ் பயில்வோர் கவனிக்கவேண்டிய இடம். மகள் தந்தைக்கு முன்னரே மறைந்திருந்தால், மகன் உயிரோடிருந்த நிலையில், அவர் பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் வாரிசுப் பங்கு இல்லை. கற்கள் சொன்ன வரிசையோ வேறு. தந்தைக்குப் பத்தாண்டு கழித்தே அவர் மறைந்தார். அப்படியாயின் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்ற அளவில் தென்னந்தோப்பில் அவருக்கு உரிமை இருந்தது; அவருக்குப்பின் அவருடைய வாரிசுகளுக்கு. அந்தப் பங்கு கொடுக்கப்பட்டதற்கான பத்திரம் எதுவும் இல்லை. தொண்ணூறு ஆண்டுகளாக அத்தோப்பின் விளைச்சலை உண்டவர்கள் நாம்.

குடும்பத்துப் பெரியவர்கள் முதலில் வருந்தினர். எதற்காக மண்ணைக் கிளறினாய் என்று கேட்டவரும் உண்டு. இறுதியில் முனாஸகா முறையில் கணக்கிட்டு, அந்தக் கிளையின் வாரிசுகளோடு பேசித் தீர்த்தோம். சிலர் பங்கைப் பெற்றனர். சிலர் மனமொப்பி விட்டுக்கொடுத்தனர். அதனினும் மேலாக, அறுந்திருந்த உறவு ஒட்டியது. சட்டத்துள் இருந்த பதினொரு பெயர்கள் தராத ஒன்றை அந்தச் சிதைந்த கல் தந்தது.

துப்புரவு என்ற பெயரில் பழைய மையவாடிகளில் மண்வாரி இயந்திரம் ஓடுகிறது. உடல் மக்கிய பின் அதே இடத்தில் மற்றொருவரை அடக்க மார்க்கம் அனுமதிக்கிறது, இடநெருக்கடியும் உண்மையே. ஆனால் கல்லை அகற்றும் முன் அதிலுள்ளதை ஒரு நோட்டில் எழுதிவைக்க எந்த மத்ஹபும் தடை சொல்லவில்லை. கல்லில் எழுதுவதை வெறுப்பவர்களுக்கு ஏட்டில் எழுதும் கடமை கூடுதலாகவே உண்டு. ஒவ்வொரு ஜமாஅத்தும் அடக்கப் பதிவேடு ஒன்றைத் தொடங்கி, மறைந்தவர் பெயர், தந்தை பெயர், தாய் பெயர், தேதி, அடக்கிய வரிசை ஆகிய ஐந்தை மட்டும் எழுதிவந்தால் போதும். யாருடைய உரிமை யாரிடம் தங்கியிருக்கிறது என்பதை நாளை ஒரு பேரன் அதில் கண்டுகொள்வான். அல்லாஹ் நம் கணக்குகளை இம்மையிலேயே தீர்த்துவைப்பானாக!